சாம்பல் குடை

காலை வண்டியில் வருகிறவர்களை
நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.
செங்கோட்டை ஸ்டேஷன் படி இறங்கியதும்
மழை இல்லாவிட்டாலும் குடை விரிப்பார்கள்.
புனலூர், தென்மலை, ஆரியங்காவு.
குகைகளுக்குள் இருட்டி இருட்டி வெளுத்து
ரத்தம் கொடுக்க வருகிறார்கள்.
அங்கேயும் லேப் உண்டு, இதைவிடச் சுத்தமாக.
ஆனால் அங்கே ஊசி குத்தும் பெண்
கொழுந்தனின் மாமியார் வீட்டுக்கு அடுத்த வீடு.

எங்கள் ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.
அதே வண்டி திரும்பும்போது ஏறி
புனலூரில் போய்ச் சட்டைக் கையை மடக்குவார்கள்.
ஒரு சேதியை மறைக்க
ஒரு மலை போதும் என்றுதான்
இரண்டு பக்கமும் நினைத்திருந்தோம்.

நான் ரத்தம் எடுப்பதில்லை. தட்டச்சு மட்டும்.
பெயர், வயது, போன் நம்பர், ஆதார்,
எந்த டாக்டர் அனுப்பினார், எதற்காக.
மலையாளத்தில் சொல்வதைத் தமிழில் வாங்கி
ஆங்கிலத்தில் அடிப்பேன்.
ஒருத்தி, ழகரம் வரும் தன் பெயரை
மூன்று முறை சொன்னாள்.
மூன்றாவது முறை குரல் இல்லை, உதடு மட்டும்.
ழகரம் என்றதும் பொய்தான்.
வேறு எழுத்து. அது உங்களுக்கு வேண்டாம்.
இங்கே அவள் சாம்பல் குடை.

'ஆரும் அறியில்லல்லோ, சேச்சி?' என்றாள்.
கம்ப்யூட்டருக்குள் போனால்
கிணற்றில் போட்ட கல் என்றேன்.
அப்படிச் சொல்லும்போது என் விரலுக்குப் பக்கத்தில்
திரையின் கீழ் விளிம்பில்
ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.
முதலாளி மகன் பெயர், ஒன்று, இரண்டு, மூன்று.
கூரியர் பையன் படிக்கலாம்.
தண்ணீர் கேன் போடுகிறவர் படிக்கலாம்.
நோயாளிகளே படித்திருக்கலாம்.

எந்த ராத்திரி போனது என்று தெரியவில்லை.
பூட்டு உடையவில்லை, ஷட்டரில் கீறல் இல்லை.
புளியரை சோதனைச் சாவடியில்
வைக்கோல் லாரிக்குள் கம்பி விட்டுக் குத்துகிறார்கள்.
வாத்து வண்டியின் டயருக்கு மருந்தடிக்கிறார்கள்.
பதினோராயிரம் பேரின் ரத்தம்
எஸ் வளைவில் ஹாரன்கூட அடிக்காமல்
மலையைத் தாண்டிவிட்டது.

அவளுக்கு வந்த அழைப்பு மதியச் சோற்று நேரத்தில்.
கை கறியாக இருந்ததால்
ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்.
மரியாதையான குரல், நல்ல மலையாளம்,
நோயின் பெயரைச் சரியாக உச்சரித்து
அதற்கு மாத்திரை தள்ளுபடியில் கிடைக்கும் என்றது.
சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நான்கு பேர்.

மறுபடி வந்தாள், குடை இல்லாமல்.
திட்டுவாள் என்று எழுந்து நின்றேன்.
'அதொன்னு மாய்ச்சு தருமோ?'
அவ்வளவுதான் கேட்டாள்.
அவள் கண் முன்னாலேயே
அவள் வரியைத் தேர்ந்து, அழித்தேன்.
கீழே இருந்த வரிகள் ஒரு படி ஏறி
இடத்தை நிரப்பிக்கொண்டன.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அழிந்தது இங்கே மட்டும் என்று
எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.
போகும்போது தேங்க்ஸ் சொன்னாளே,
அதைத்தான் தாங்க முடியவில்லை.

போலீசில் சொல்லலாம் என்றேன் முதலாளியிடம்.
'வெளியே தெரிஞ்சா என் பேரு என்னத்துக்கு ஆகும்?'
பதினோராயிரத்து ஒன்றாவது பெயர்.

புதுக் கடவுச்சொல் நான் வைத்தது, பதினெட்டு எழுத்து.
எங்கும் எழுதவில்லை.
தட்டாங்குளக் கரையில் நடக்கும்போது
முணுமுணுத்துப் பார்த்துவிட்டு
பின்னால் ஆள் வருகிறதா என்று திரும்புகிறேன்.
மஞ்சள் சீட்டைக் கிழித்த இடத்தில்
பசை போகவில்லை.
தூசி வந்து அதே சதுரத்தில் ஒட்டுகிறது.

போன மாதம் எனக்கே ஒரு சோதனை.
வண்டி ஏறிப் புனலூர் போனேன்.
வெயிலில் குடை விரித்துக்கொண்டேன்.
கவுண்டரில் என் வயதுப் பெண், 'பேரு?' என்றாள்.
முதலில் அவள் திரையின் கீழ் விளிம்பைப் பார்த்தேன்.
பச்சைச் சீட்டு.
பிறகு சொன்னேன், வேறென்ன செய்ய.
என்ன சோதனை என்பது
உங்களுக்கு எதற்கு?